ஐந்து பாயிண்ட்

இருட்டைப் பற்றி நம் கவிதைகளில் நிறைய வந்தாகிவிட்டது. புதுக்கவிதை தோன்றிய நாள்முதல் அது படிமமாகவும் குறியீடாகவும், வேறொன்றும் தோன்றாதபோது கைக்கு எட்டும் சொல்லாகவும் இருந்து வருகிறது. ஆனால் பேட்டைவாரியாக அட்டவணை போட்டுப் பத்திரிகையில் அறிவித்துவிட்டு வந்த மின்வெட்டைப் பற்றி உருப்படியாக எதையும் படித்த ஞாபகம் எனக்கில்லை. அதில் ஆன்மீகத்துக்கு இடமில்லை என்பது காரணமாக இருக்கலாம். மின்வெட்டின் மையத்தில் இருப்பது ஒரு பட்டியல். யாருக்கு எவ்வளவு நேரம் உண்டு, யாருக்கு இல்லை என்ற பட்டியல். வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பட்டியலின் சிறிய பிரதி ஒன்று வீட்டுக்குள்ளும் எழுதப்பட்டது. நான் சொல்ல வருவது இந்த இரண்டாவது பட்டியலைப் பற்றி. அதை எழுதும் விதத்தில் ஒரு குடும்பம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைப் பற்றி.

சென்னைக்கு மின்சாரம் வந்த கதை நீளமானது. 1895-ல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953-ல் நின்றுபோயிற்று. தனியார் கம்பெனியிடமிருந்த மின் விநியோகத்தை 1947-ல் அரசு எடுத்துக்கொண்டது. 1957-ல் மின்வாரியம் ஏற்பட்டது. 2010-ல் அதைப் பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயர்களும் மாறின. ஜனங்கள் எதையும் சட்டை செய்யாமல் இன்றுவரை ஈ.பி. என்றே சொல்லி வருகிறார்கள். இந்த நீண்ட கதையில் இங்கே நமக்கு வேண்டியது 2008-லிருந்து ஆறேழு வருஷங்கள் மட்டும். தேவை உற்பத்தியைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்போடு சேர்ந்தது. தெற்கு மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒரே லயத்தில் இணைக்கப்பட்டது அந்த வருஷத்தின் கடைசி நாளில். அதுவரை வடக்கே உபரி இருந்தாலும் வேண்டிய அளவு இங்கே கொண்டுவர வழியில்லை.

இந்தப் பிணைப்பின்மைக்கு இன்னொரு முகமும் இருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாளில் அறுபது கோடி ஜனங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். தெற்கு தப்பித்தது, சேர்ந்திருக்காத காரணத்தால். எது நம்மைப் பட்டினி போட்டதோ அதுவே நம்மைக் காப்பாற்றவும் செய்தது. துண்டித்து வைப்பது பற்றிப் பின்னால் பேச வேண்டியிருப்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

2012 பிப்ரவரிக் கடைசியில் சென்னையின் ஒரு மணி நேர மின்வெட்டு இரண்டு மணி நேரமாயிற்று. பகலில், பகுதிக்குப் பகுதி சுழற்சி முறையில். இது அறிவிக்கப்பட்டது, அறிவிக்கப்படாதது எந்நேரமும் வரலாம். மயிலாப்பூரில் நாங்கள் கையில் விசிறியோடு இதைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து அக்கா தொலைபேசியில் சிரித்தாள். "உங்களுக்கு ரெண்டு மணி நேரம்தானேடா" என்றாள். அந்த வருஷம் மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேலே போயிற்று. அக்கா வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது. ஆனால் பாட்டரி நிரம்புகிற அளவுக்கு மின்சாரம் வந்தால்தானே அது வேலை செய்யும்? கூடத்து மூலையில் துணி போட்டு மூடி, அதன்மேல் டெலிபோனை வைத்திருந்தார்கள். முந்தைய வருஷம்தான் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மூன்றும் மின்சாரத்தில் ஓடுபவை.

அக்காவின் சிரிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. பற்றாக்குறை பொது. ஆனால் பங்கீடு பொது அல்ல. தலைநகரம், அலுவலகங்கள், பத்திரிகைகள், வெளியூர் விருந்தாளிகள் என்று காரணங்கள் சொல்லலாம், அவற்றில் சில நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் விளைவு இதுதான்: தமிழ்நாட்டை ஒரு வீடாக வைத்துக்கொண்டால் சென்னை அதன் கூடம். வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் அறை. கூடத்து விசிறி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகப் பின்கட்டில் விளக்கை அணைத்திருந்தார்கள்.

அந்த மார்ச் மாதம் எங்கள் வீட்டிலும் இன்வர்ட்டர் வந்தது. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. வீடு மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று போர்ஷனாகப் பிரிந்த பழைய கட்டடம். எங்களுடையது தரைத்தளம். எலக்ட்ரீஷியன் ஒரு பையனோடு வந்து, ஐம்பது கிலோவுக்கு மேலிருந்த பாட்டரியை இருவருமாகத் தூக்கி வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்தெந்த பாயிண்ட் சார்?"

தொழில் சம்பந்தமான கேள்வி. விளக்கு, விசிறி, பிளக் எதுவானாலும் அவர்கள் பாஷையில் பாயிண்ட். வீட்டின் எல்லா பாயிண்ட்டையும் இன்வர்ட்டர் தாங்காது. தேர்ந்தெடுத்த சிலவற்றின் வயரை மெயின் போர்டிலிருந்து பிரித்து, இன்வர்ட்டர் லைன் என்ற தனி லைனில் போடவேண்டும். கரண்ட் இருக்கும்போது இந்த லைனுக்கு ஈ.பி.யிலிருந்தே வரும். போய்விட்டால் பாட்டரியிலிருந்து வரும். மற்றப் பாயிண்ட்கள் செத்துக் கிடக்கும்.

எவ்வளவு தாங்கும் என்பது எளிய கணக்கு. பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1800 வாட்-மணி. இது காகிதத்தில். முழுக்க வடிய விட்டால் பாட்டரி சீக்கிரம் பாழாகும். இன்வர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாப்பிடும். ஆயிரத்து முந்நூறு கிடைத்தால் பெரிது. அன்றைய மின்விசிறி 75 வாட். டியூப் லைட்டும் சோக்குமாகச் சேர்த்து 50 சொச்சம். இரண்டு விசிறி, இரண்டு டியூப் லைட், ஒரு சின்ன பல்பு என்று போட்டால் 275 வரும். நாலரை மணி நேரம். இதற்கு மேல் ஒரு பாயிண்ட் சேர்த்தால் எல்லாருடைய நேரத்திலிருந்தும் அது கழியும். மிக்ஸி, மோட்டார், ஏ.ஸி. பற்றிப் பேச்சே இல்லை. ஆக ஐந்து பாயிண்ட்.

எலக்ட்ரீஷியனிடம் தயாராக ஒரு பட்டியல் இருந்தது. நூறு வீடுகளில் போட்டுப் போட்டுப் படிந்துபோன பட்டியல். கூடத்தில் விசிறி, கூடத்தில் டியூப் லைட், டி.வி. பிளக், பெரிய படுக்கையறையில் விசிறி, அங்கே ஒரு விளக்கு. இதை அவர் சொன்ன விதத்தில் ஒரு நிச்சயம் இருந்தது, சாஸ்திரத்தில் சொல்லியிருப்பதுபோல. என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சமையல்கட்டுல டியூப் லைட் வரணும்" என்றாள்.

"கிச்சன்ல பொதுவா யாரும் போடறதில்ல மேடம். எமர்ஜென்ஸி லைட் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டீங்கன்னா போதும்."

"இங்க போடறோம்."

குரலை உயர்த்தவில்லை. எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். பையன் காகிதத்தில் குறித்துக்கொண்டான். இந்தச் சிறு உரையாடலைப் பிறகு நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. நூறு வீடுகளில் பொதுவாக யாரும் போடறதில்லை என்றால், நூறு வீடுகளில் அந்தக் கேள்வி கூடத்தில் வைத்து, கூடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை கத்தியும் கொதிக்கும் எண்ணெயுமாக ஒருத்தி நிற்கும் இடத்துக்கு வெளிச்சம் தேவை என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. தெரிவதற்கும் பட்டியலில் ஏறுவதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. நம் பழக்கங்கள் பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான் வசிக்கின்றன.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அவள் அறையில் விசிறி போடலாம் என்று நான் சொன்னதை ஏற்கவில்லை.

"எனக்கு ஃபேன் வேண்டாம்டா. விசிறி இருக்கு. கொல்லைக்குப் போற நடையில ஒரு லைட் போடச் சொல்லு. ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கறேன்."

அந்த நடை குறுகல். நடுவில் ஒரு படி. அந்த வயதில் விழுந்தவர்கள் எழுந்ததில்லை. எலக்ட்ரீஷியனின் பட்டியலில் நடை என்ற சொல்லுக்கே இடமில்லை. அது அறை அல்ல, வழி. பட்டியல்கள் அறைகளைத்தான் பார்க்கும்.

கடைசியில் வந்த ஐந்து: சமையல்கட்டு டியூப் லைட், நடை விளக்கு, மகள் அறையில் விசிறியும் டியூப் லைட்டும், கூடத்தில் ஒரு விசிறி. கூடத்து விளக்குக்கு இடமில்லை. டி.வி.க்கு இல்லை. என் எழுத்து மேஜை விளக்கைப் பற்றி விவாதமே எழவில்லை. குடும்பத்தின் விமர்சனப் பார்வை சில விஷயங்களில் திட்டவட்டமானது.

பிறர் பட்டியல்களையும் நான் கவனிக்கத் தொடங்கினேன். தி.நகரில் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் அந்த நாட்களில் மின்சாரம் போனதும் கடை வாசல்களில் சிறு ஜெனரேட்டர்கள் கிளம்பும். மண்ணெண்ணெய்ப் புகையும் இரைச்சலும் நடைபாதைக்கு, வெளிச்சமும் குளிர்ச்சியும் கடைக்குள்ளே. நடைபாதையில் பூவும் பின்னூசியும் விற்பவர்கள் இரைச்சலுக்கு மேலே கத்தி விலை சொன்னார்கள். அடையாற்றின் புதிய அடுக்குமாடிகளில் ஏற்பாடு இன்னும் நாசூக்காக இருந்தது. டீசல் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும்; லிப்ட், மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், ஒவ்வொரு பிளாட்டுக்கும் இரண்டு மூன்று பாயிண்ட். வாசல் காவலாளியின் தகரக் கொட்டகையில் விசிறி அந்த லைனில் இருந்ததா என்பது ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேறுபட்டது. நானறிந்த ஒரு கட்டடத்தில் சங்கத்தின் பொதுக்குழுவில் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தோற்றது. நாலு வாக்கு வித்தியாசம்.

முன்பெல்லாம் கரண்ட் போனால் சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிடும், திரும்பி வந்தால் குழந்தைகள் ஒரே குரலில் கத்தும், அந்த நாட்கள் போயின என்று ஒரு புலம்பல் உண்டு. அதில் சேர எனக்கு விருப்பமில்லை. புழுக்கத்தில் கொசுக்கடியோடு வாசலில் உட்கார்ந்ததைச் சமூக வாழ்க்கை என்று வர்ணிப்பது, பட்டினியை விரதம் என்று சொல்வதற்குச் சமானம். எனக்குப் படுவது வேறு. இன்வர்ட்டர் வந்தபிறகு எங்கள் வீட்டில் கரண்ட் போனது எங்களுக்குத் தெரிவதில்லை. உள்ளிருக்கும் ரிலே ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் மாற்றிவிடுகிறது. மலிவான இன்வர்ட்டர்களின் சதுர அலையில் விசிறி லேசாக உறுமும், அதுதான் அடையாளம். அதிக விலைக்கு சைன் அலை இன்வர்ட்டர் வாங்கியவர்களுக்கு அந்த உறுமலும் இல்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதக்கூடியவர்கள், அதிகாரியைப் பெயர் சொல்லித் தொலைபேசியில் கூப்பிடக்கூடியவர்கள் ஆகியோரின் வீடுகளில் மின்வெட்டு இப்படிச் சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று. வெட்டு நின்றதால் அல்ல. அவர்களுடைய புலன்களுக்கு அது எட்டாமல் போனதால். ஒரு பொதுக்குறை தன் வக்கீல்களை ஒவ்வொருவராக இழந்தது.

அதோடு முடியவில்லை. பாட்டரியில் மின்சாரத்தைப் போட்டு எடுக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே உஷ்ணமாகப் போய்விடுகிறது. மின்வெட்டு முடிந்த நிமிஷத்தில் லட்சக்கணக்கான பாட்டரிகள் ஒரே சமயத்தில் தாகத்தோடு வாயைத் திறக்கின்றன. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் தொகுப்பிலிருந்து, இழந்ததைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்கின்றன. சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் லாரி வந்ததும் நாளைக்கு வராதோ என்ற பயத்தில் அண்டா, குண்டான், வாளி, பால் குக்கர் வரை நிரப்பி வைப்பதும், அதனாலேயே தெருக்கோடியில் இருப்பவளுக்குக் கிடைக்காமல் போவதும் நாம் பார்த்ததுதான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் புத்திசாலிகள்.

இனி அந்தத் திருப்பும் ஸ்விட்ச்சுக்கு வருகிறேன். இன்வர்ட்டருக்குள் ரிலே இருக்கும்போது வெளியே தனியாகக் கையால் திருப்பும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்றும் வைப்பது நல்ல எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். பாட்டரி பழுதானால் அந்த ஐந்து பாயிண்ட்டையும் நேராக ஈ.பி.க்கே திருப்பிவிடலாம். வேறு ஜெனரேட்டர் கொண்டுவந்து இணைக்க வேண்டியிருந்தாலும் அதன் வழியாகத்தான் இணைக்க வேண்டும். அதில் மூன்று நிலைகள்: ஒன்று, பூஜ்யம், இரண்டு. ஒன்றில் ஈ.பி., இரண்டில் நம்முடைய சொந்த ஏற்பாடு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக வேண்டுமானால் பூஜ்யத்தைத் தாண்டித்தான் போக முடியும். முதலில் பழைய தொடர்பு அறுபடும். அப்புறம்தான் புதிய தொடர்பு ஏற்படும். இரண்டும் சேர்ந்திருக்கும் நிலை அந்த இயந்திரத்தின் அமைப்பிலேயே சாத்தியமில்லை. ஃபேஸை மட்டும் அறுத்தால் போதாது, நியூட்ரலும் சேர்ந்து அறுபட வேண்டும். அதற்கென்று இரண்டு துருவ ஸ்விட்ச் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? இரண்டும் சேர்ந்தால் ஈ.பி. திரும்பி வரும்போது நம் இயந்திரம் எரிந்துபோகும் என்பது ஒரு காரணம். அது நம் நஷ்டம். முக்கியமான காரணம் வேறு. வீட்டில் நாம் உண்டாக்கும் மின்சாரம் வந்த வழியே தெருவுக்குப் போய்விடக் கூடாது. கம்பிக்குத் திசை தெரியாது. பதினொன்றாயிரம் வோல்ட்டை வீட்டு அளவுக்குக் குறைக்கும் அதே டிரான்ஸ்பார்மர், இந்தப் பக்கமிருந்து கொடுத்தால் அந்தப் பக்கம் பதினொன்றாயிரமாக உயர்த்தவும் செய்யும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செத்த லைன் என்று நம்பி ஒருவர் வெறும் கையை வைக்கும் இடத்தில் 230 வோல்ட்டே போதுமானது.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் மின்சாரம் பெரும்பாலும் பூமிக்கடியில் கேபிளில் வந்து, நடைபாதையில் நிற்கும் பில்லர் பாக்ஸ் வழியாக வீடுகளுக்குப் பிரிகிறது. கம்பம் சாயாத இடங்களிலும் மரங்கள் வேரோடு பெயர்ந்தபோது கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டன. எங்கள் சந்து முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் அப்படி விழுந்தது. இன்வர்ட்டர் முதல் நாள் இரவோடு தீர்ந்துபோயிற்று. மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார்கள். இவர்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் படுக்கை, அதிகாலையிலிருந்து வேலை என்று சொன்னார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

அவர் பில்லர் பாக்ஸின் கதவைத் திறந்து முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் பிடுங்கியாகிவிட்டது. ஆகவே உள்ளே எதிலும் உயிர் இருக்கக் கூடாது. இருந்தும் அவர் டெஸ்ட் லேம்ப்பை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. ஆறாவதில் பல்பு எரிந்தது.

தெருவிலிருந்து வரவில்லை அது. ஒரு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு வாசல் தள்ளி ஒரு வீட்டில் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துப் பின்கட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலிருந்த பிளக்கிலும் செருகியிருந்தார்கள். இப்படிச் செய்தால் வீடு முழுக்க எரியும், பட்டியல் எதுவும் வேண்டாம். மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். யாரோ ஒருவர் அணைத்ததாக இன்னொருவர் நினைத்திருக்கிறார்.

பெரியவர் சத்தம் போடவில்லை. எழுந்து அந்த வீட்டுக்குள் போனார். ஜெனரேட்டரின் சத்தம் நின்றது. திரும்பி வரும்போது அவர் கையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பாக்ஸில் சேர்ந்த வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டில் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இரண்டில் இருந்தது, அதாவது ஏற்கெனவே தெருவிலிருந்து அறுபட்ட நிலையில். நான் அதைச் சொன்னேன். "எல்லாரும் ஆஃப்னுதான் சார் சொல்றாங்க" என்றார். குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னார். பூஜ்யத்துக்குத் திருப்பினேன். மெயினையும் அணைத்தேன். பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்று பகல் முழுவதும் அந்தப் பீங்கான் கட்டை அவர் பையில் இருந்தது. சாயங்காலம் விளக்கு வந்த பிறகு அவரே போய்த் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மூன்று நிலை ஸ்விட்ச் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு வாட் வெளிச்சம்கூடத் தரவில்லை. அது இல்லாமலும் ஐந்து பாயிண்ட் எரியும். அது இருப்பது பட்டியலில் பெயர் இல்லாத, எங்களுக்கு முகம் தெரியாத, எந்த நாளில் வருவார் என்று சொல்ல முடியாத ஒரு மனிதருக்காக. 2012-ல் அவருடைய ஊர் எத்தனை மணி நேரம் இருட்டில் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். வீட்டுக்குள் இருக்கும் பட்டியலைச் சண்டை போட்டாவது திருத்திக்கொள்ளலாம், சமையல்கட்டு வாசலில் நிற்பவள் குரல் கூடத்துக்குக் கேட்கும். நடைபாதையில் குத்துக்காலிட்டிருப்பவர் குரல் கேட்காது. அதனால் அவருடைய இடம் யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பியிராமல் இயந்திரத்தின் அமைப்பிலேயே பதிந்திருக்க வேண்டும். நான் பார்த்த அளவில் நம் வீடுகளில் நீதி என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வரும் பொருள் அந்த ஸ்விட்ச்தான்.

அடையாற்றில் என் நண்பர் ஒருவர் சமீபத்தில் மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறார். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் மானியத் திட்டம் வந்தபிறகு பலர் போடுகிறார்கள். ஒரு நாள் மத்தியானம் கொளுத்தும் வெயிலில் ஈ.பி. போயிற்று, கூடவே தகடுகளிலிருந்து வந்த மின்சாரமும் நின்றுவிட்டது. "என் மாடி, என் வெயில், எனக்கே இல்லையா?" என்று அவருக்குக் கோபம். தொகுப்போடு இணைந்த இன்வர்ட்டர்கள் தொகுப்பு செத்ததும் தாங்களும் அணைந்துவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது ஒரு பகுதி மட்டும் உயிரோடிருப்பதைத் தீவாதல் என்ற பொருளில் மின்பொறியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். தீவாகத்தான் இருப்பேன் என்றால் இருக்கலாம், தடையில்லை. பாட்டரியும் திருப்பும் ஸ்விட்ச்சும் வைத்து, தெருவிலிருந்து முற்றிலுமாக அறுத்துக்கொண்டபின் எரிய வேண்டும். சேர்ந்திருக்கும் பலனையும் தனித்திருக்கும் பலனையும் ஒரே நேரத்தில் அனுபவிக்க முடியாது. நண்பருக்கு இது இலக்கியவாதியின் விளக்கமாகப் பட்டது. அவர் பாட்டரிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பாட்டரியை இப்போது மூன்றாவது முறையாக மாற்ற வேண்டியிருக்கிறது. அம்மா 2019-ல் போய்விட்டாள். மகள் வேறு ஊரில் இருக்கிறாள். டியூப் லைட்டெல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது, புது விசிறி 30 வாட்டில் சுற்றுகிறது. அன்று 275 வாட் கேட்ட ஐந்து பாயிண்ட் இன்று அதில் பாதிகூடக் கேட்பதில்லை. கடைக்காரர் லித்தியம் பாட்டரியும் பெரிய இன்வர்ட்டரும் காட்டினார். வீடு முழுக்க எடுக்கும், ஏ.ஸி. உட்பட. "லிஸ்ட்டே வேண்டாம் சார்" என்றார். வியாபாரி என்ற முறையில் அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு அது கொஞ்சம் கலக்கமாக இருந்தது. பட்டியல் போட வேண்டியிருந்த வரைக்கும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தடவையாவது வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டியல் வேண்டாதவர்கள் பெருகப் பெருக, வெளியே பட்டியலோடு வாழ்கிறவர்களைப் பற்றிய நினைப்பு குறையும். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் நாட்கணக்கில் இருட்டிலும் தண்ணீரிலும் கிடந்தன. நம் பகுதிகளில் சில வீடுகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டன.

நாங்கள் பழைய அளவிலேயே வாங்கினோம். மீந்த வாட்டில் ஒரு பாயிண்ட் சேர்த்தாயிற்று. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியடியில் விடியற்காலையில் ஒரு பெண் வந்து பாத்திரம் தேய்க்கிறாள். அங்கே ஒன்பது வாட்டில் ஒரு விளக்கு. நடை விளக்கு அப்படியே இருக்கிறது. அதை லைனிலிருந்து எடுக்கலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார், வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்சின் கைப்பிடி இறுகிப் போயிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, மூன்று நிலையிலும் திருப்பிப் பார்த்து, திரும்ப மாட்டச் சொன்னேன்.